கூடுவிட்டுக் கூடுபாய்ந்த கணினி

சாத்தனூர் எல்லையிலே மேய்ப்பனை இழந்து கதறி நின்ற பசுக்களின் துயர் பொறாது, சிவயோகியார் ஒருவர் தம்முடலை ஓரிடத்தே மறைத்துவைத்துவிட்டு, மாண்டுகிடந்த மூலன் என்னும் ஆயனின் உடலிற் புகுந்தார். பின்னர் மீண்டுவந்து தேடியபோது தம் பழைய உடலைக் காணாது, புகுந்த கூட்டையே தமக்குரியதாக ஏற்றுத் திருமூலரானார் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்த வரலாறு. கூடுவிட்டுக் கூடுபாயும் அவ்வித்தை சித்தர்களோடு மறைந்துவிட்டதென்றே நாம் எண்ணியிருக்கிறோம். மனிதரைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. ஆனால், கணினி என்னும் பொறியைப் பொறுத்தவரையில், ஒரு திருப்புளியும் ஒரு விடுமுறை நாளும் சிறிது பொறுமையும் கைவசமுள்ள எவரும் அவ்வித்தையைச் செய்துவிடலாம். அண்மையில் எங்கள் இல்லத்திலேயே அது நிகழ்ந்தது.

மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலே இடங்கிடைத்தது. மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உடன்வந்தது. அங்கே கணினி இல்லாமற் கற்றல் அரிது. எங்கள் வீட்டிலோ 2019ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்றே உண்டு. மடிக்கணினி வாங்கலாமே என்பீர்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களுள் 360 ரூபாவளவிற்கு ஏறியதை மறந்தவர் யார்? அன்று ஏறிய இறக்குமதிப் பொருள்களின் விலை பழைய படிக்கு இறங்கவேயில்லை. வேலைக்குதவும் ஒரு மடிக்கணினியின் விலையைக் கேட்டுவந்த அன்று, ஆசிரியர் வீட்டு வரவு செலவு எவ்வளவு ஒடுங்கியது என்பதை மீண்டும் உணர்ந்தேன்.

"இஞ்சருங்கோ, உந்தப் பெட்டியையே பிள்ளை கொண்டுபோகட்டுமன். தம்பிக்குப் பிறகு ஒரு வழி பாப்பம்" என்றார் என் மனைவியார். சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் இளைய மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். அவன் பேசாமற் போனதே எல்லாவற்றையும் பேசிவிட்டது.

ஒருவாறு முடிவு செய்தபின்பும் பெட்டியின் பருமன் தடையாக நின்றது. அளவுநாடா கொண்டு பார்த்தேன். உயரம் 42, அகலம் 19, ஆழம் 45 சென்ரிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 36 லீற்றர் கொள்ளளவு. நிறை 9½ கிலோகிராம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 நெடுஞ்சாலை வழியே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பேருந்துப் பயணம். உடுப்புப்பெட்டி, புத்தகம், பலகாரப்பெட்டி இவற்றோடு இந்தப் பூதத்தையும் ஒரு பெண்பிள்ளை எவ்வாறு தூக்குவாள்?

பெட்டிக்குள் இருந்தது காற்று

பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. பேச்சுவழக்கிற் கேசிங் என்று நாம் கூறும் அக்கூட்டினுள் அரைவாசிக்கு மேல் வெற்றிடமே. அதற்குக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டிலே இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்றொரு கட்டளை அளவை வகுத்தது. தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையதாயிருக்கலாம். அதிலே திருகாணித் துளைகள் இன்னின்ன இடத்தில் அமையவேண்டும். மின்வழங்கி இன்ன பருமனில் இருக்கவேண்டும் என்பன அதன் விதிகள். வன்தட்டுகள் பலவும், குறுந்தட்டு இயக்கிகளும், ஒலிக்கும் படத்துக்கும் வெவ்வேறு அட்டைகளும் பூட்டவேண்டியிருந்த காலத்துக் கூடு அது. இன்று ஒலியும் படமும் வலையிணைப்பும் பெரும்பாலும் தாய்ப்பலகையிலும் செயலியிலுமே அடங்கிவிட்டன. பொருள்கள் போய்விட்டன, அவற்றுக்கென ஒதுக்கிய அறைகள் மட்டும் பாழ்வீடுபோல் எஞ்சி நிற்கின்றன.

எங்கள் கணினியின் தாய்ப்பலகை 1997இல் வந்த மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். என்னும் வகையைச் சேர்ந்தது. 244 மில்லிமீற்றர்ச் சதுரம். இதனிலும் சிறியதான மினி ஐ.ரி.எக்ஸ். என்னும் 170 மில்லிமீற்றர்ச் சதுரப் பலகையைத் தைவான் நாட்டு வயா நிறுவனம் 2001இல் அறிமுகஞ் செய்தது. சிறிய பலகை பெரிய கூட்டினுட் பொருந்தும். பெரிய பலகை சிறிய கூட்டினுட் பொருந்தாது. ஆதலின், கடையிற் கண்ட கூடுகளுள் மிகச் சிறியதை விரும்பி வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உளர். முதலில் அளக்கவேண்டியது கூட்டையன்று, தாய்ப்பலகையையே.

ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்கள் யாவும் இத்துளைகளின் இடத்தைப் பற்றி மட்டும் உடன்பட்டுக்கொண்டன. அந்த உடன்பாடு இருப்பதனாலேயே ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த கூட்டிற் பொருந்துகிறது. மடிக்கணினிக்கு இந்தப் பாக்கியமில்லை. அதன் பலகை பெரும்பாலும் அதன் உடலுக்கென்றே வெட்டப்பட்டது. உடல் உடைந்தால் உயிருக்கு வேறு புகலிடம் கிடைப்பது அரிது.

அண்ணாமலை அடிவாரத்துச் சிறுவன்

மேசைக் கணினியைக் கைப்பிடியிற் பிடித்துச் செல்லும் ஆசை இன்று தோன்றியதன்று. அதனை முதன்முதலிற் பெருவெற்றியாக்கிக் காட்டியவருக்கும் நம் தமிழ்மண்ணுக்கும் ஓர் உறவுண்டு என்பதைப் பலர் அறியார். ரமண மகரிஷியின் அடியவராய், அவரைப்பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதியவர் ஆதர் ஒஸ்போண் என்னும் ஆங்கிலேயர். அவருடைய மைந்தர் ஆடம் ஒஸ்போண், 1939இலே பாங்கொக் நகரிற் பிறந்து, திருவண்ணாமலையிற் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், லீ பெல்சென்ஸ்டைன் என்னும் பொறியியலாளரின் துணையோடு 1981 ஏப்ரிலில் ஒஸ்போண்-1 என்னும் கணினியை வெளியிட்டார். தையற்பொறிப் பெட்டி போன்ற அதன் நிறை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையோ 5 அங்குலம். விலை 1795 டொலர். விமான ஆசனத்தின் கீழே அடங்கும் என்பதே அதன் பெருமை. ஆயினும் நிறுவனம் நிலைக்கவில்லை, 1983இல் முறிந்தது. ஒஸ்போண் தம் இறுதிக் காலத்திலே தமிழ்நாட்டுக்கு மீண்டு, 2003இற் கொடைக்கானலிலே காலமானார்.

அதற்குள் வேறு மூவர் புறப்பட்டுவிட்டனர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தை விட்டு விலகிய ரொட் கனியன், ஜிம் ஹரிஸ், பில் மேட்டோ ஆகியோர், ஹூஸ்டன் நகரத்து உணவுச்சாலை ஒன்றிலே, தட்டின்கீழ் விரிக்கும் தாளில் ஒரு கணினியின் உருவத்தைக் கீறினர் என்பர். ஐ.பி.எம். மேசைக் கணினிக்கு எழுதப்பட்ட நிகழ்ச்சித்திட்டங்கள் அனைத்தும் இயங்கவேண்டும். ஆனாற் கையிற் கொண்டுசெல்லக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதே அவர்தம் எண்ணம். 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 1983இற் சந்தைக்கு வந்த கொம்பாக் போட்டபிள் இவ்வாறு பிறந்தது. 9 அங்குலத் திரை; ஏறத்தாழ 13 கிலோகிராம் நிறை. முதலாண்டிலேயே 53,000 பொறிகள் விற்பனையாயின.

இதனைக் கண்ட ஐ.பி.எம். செய்தது யாதெனின், நாம் எம் வீட்டிற் செய்ததையே. தன் எக்ஸ்.ரி. மேசைக் கணினியின் தாய்ப்பலகையை எடுத்து, 9 அங்குலத் திரையொன்றோடு கைப்பிடியுள்ள கூட்டில் வைத்துப் பூட்டி, 1984 பெப்ருவரியில் 5155 என்னும் எண்ணோடு விற்பனைக்கு விட்டது. நிறை 13½ கிலோகிராமுக்குச் சற்று அதிகம். மின்கலத்தில் இயங்காது, போகுமிடத்திற் சுவரிலே மின்சாரம் இருந்தாலன்றி அது வெறும் பாரமே. இன்று நம் கூடுமாற்றத்துக்கும் அந்த வரம்பு அப்படியே பொருந்தும்.

மாற்றிய முறை

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். திருப்புளியைத் தொடுமுன் நாம் செய்தது கோப்புகளைப் பிரதிசெய்தது. மறைந்த என் தாயாரின் படங்கள், பிள்ளைகளின் வித்தியாரம்பக் காட்சிகள், பல்லாண்டு வினாத்தாள்கள் யாவும் பழைய வன்தட்டில் இருந்தன. பலகை கெட்டால் வேறு வாங்கலாம். அவை போனால் எங்கே வாங்குவது? இரண்டு இடங்களிற் பிரதி வைத்தபின்பே கூட்டைத் திறந்தோம்.

கொழும்பிலிருந்து வரவழைத்த புதிய கூடு 31 சென்ரிமீற்றர் உயரமும், 18½ அகலமும், 37 ஆழமும் உடையது. 21 லீற்றர் கொள்ளளவு. அதற்காக நாம் துறந்தவை மூன்று. ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயன்படாத டி.வி.டி. இயக்கி. இரண்டாவது, பழைய மின்வழங்கி. 150 மில்லிமீற்றர் அகலமும் 86 உயரமுமுள்ள அதனிடத்தில், 125 அகலமும் 63½ உயரமுமுள்ள எஸ்.எப்.எக்ஸ். என்னும் சிறுவகையை வைத்தோம். மூன்றாவது, அந்த வன்தட்டு. அதனுள்ளே சுழலும் தட்டுகளும், அவற்றின்மேல் மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் அசையும் முனைகளும் உண்டு. பேருந்துக் குலுக்கலுக்கு அஞ்சவேண்டிய பொருள் அது. அசையும் உறுப்பு எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. தட்டொன்றை அதற்கு ஈடாக வாங்கினோம். இவையெல்லாவற்றுக்கும் ஆன செலவு புதிய மடிக்கணினி விலையில் நாலிலொரு பங்குக்கும் குறைவு.

மின்னிணைப்பை அகற்றி, கம்பிகள் எங்கெங்கே செருகப்பட்டிருந்தன என்பதைத் தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டோம். உடலிற் சேர்ந்திருக்கும் நிலைமின்னேற்றம் நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடக்கூடும். ஆதலின் வேலை செய்யும்போது இடையிடையே கூட்டின் வெற்றுலோகத்தைத் தொட்டுக்கொள்ளுதல் நன்று. பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்கள் துளைகளுக்கு நேரே மட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தல் அதனிலும் நன்று. வேண்டாத இடத்தில் ஒரு கால் எஞ்சிநின்று பலகையின் அடிப்புறத்தைத் தீண்டுமாயின், குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பலகை பழுதாகலாம்.

இவ்வாறு எல்லாம் எச்சரிக்கையோடு செய்து, எட்டுத் திருகாணிகளையும் முறுக்கி முடித்து, நான் நிமிர்ந்த வேளையில், அதுவரை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் வாய்திறந்தான்.

"அப்பா, இந்தத் தகடு ஏன் மேசையில கிடக்குது?"

கூட்டின் பின்வாயிலை மூடுகின்ற, துளைகளிட்ட மெல்லிய தகடு அது. பலகையை வைப்பதற்கு முன்னரே உள்ளிருந்து பொருத்தியிருக்க வேண்டியது. வகுப்பிலே மாணவரின் கவனக்குறைவைக் கண்டிக்கும் நான் என்ன சொல்வேன்? எட்டுத் திருகாணிகளையும் மீண்டும் கழற்றினோம். இம்முறை திருப்புளி மகன் கையில் இருந்தது. நான் வெளிச்சம் பிடித்தேன்.

கூடு சுருங்கலாம், வெப்பம் சுருங்காது

ஆளியை அழுத்தியதும் பொறி உயிர்பெற்றது. மகள் கைகொட்டினாள். ஆனால் உண்மைச் சோதனை அதற்குப் பின்னரே வந்தது. எங்கள் செயலி 65 உவாற்று வகையினது. பழைய 60 உவாற்றுக் குண்டு மின்குமிழைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் அது எத்தகைய சூடு என்பதை அறிவர். அத்தகைய சூட்டைப் பெரிய கூட்டில் விரிந்திருந்த காற்று ஏற்றுக்கொண்டது. சிறிய கூட்டிலோ காற்று குறைவு. உள்ளே வந்த காற்று விரைந்து வெளியேறினாலன்றி வெப்பம் தங்கிவிடும். செயலியின் சூடு 100 பாகை செல்சியசை அண்மிக்குமாயின், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

செயலிக்கும் அதன்மேல் அமரும் உலோகக் குளிராக்கிக்கும் இடையிலிருந்த காய்ந்த பசையைத் துடைத்தெடுத்து, வெப்பங் கடத்தும் புதுப்பசையைப் பயற்றிலும் சற்றுப் பெரிதான ஒரு துளியளவே வைத்திருந்தோம். ஆயினும், கடுமையான வேலையொன்றைக் கொடுத்து ஒரு மணிநேரம் ஓடவிட்டபோது, அறையின் வெப்பநிலை 31 பாகையாயிருக்கச் செயலி 93 பாகையைக் காட்டிற்று. மகளின் முகம் வாடியது. விடியக்காலையில் எனக்குக் காரணம் பிடிபட்டது. முன்புற விசிறியை நான் பின்முன்னாகப் பூட்டியிருந்தேன். உள்ளே காற்றை இழுக்கவேண்டிய அதுவும், வெளியே தள்ளவேண்டிய பின்விசிறியும், இருபுறமும் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தன. வீட்டின் இரு வாசலிலும் வழியனுப்புவோர் நின்றால் விருந்தினர் எவ்வழியே வருவர்? விசிறியைத் திருப்பிப் பூட்டி, குறுக்கே கிடந்த கம்பிகளை ஓரமாகக் கட்டியபின், அதே வேலைக்கு 76 பாகையே ஆயிற்று.

எவருக்கு ஏற்றது?

இதனை வாசிக்கும் அன்பர்கள் உடனே திருப்புளியைத் தேடவேண்டியதில்லை. நாள்தோறும் விரிவுரை மண்டபத்துக்கு எடுத்துச் செல்ல விரும்புபவருக்கு இது உதவாது. இதிலே மின்கலமில்லை, திரையும் விசைப்பலகையும் வேறாகச் செல்லவேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தை நினைத்தால் அக்குறையின் அளவு விளங்கும். ஆனால், தவணைக்கு ஒருமுறை இடம்பெயர்ந்து, மற்றைக் காலமெல்லாம் ஒரு மேசையில் நிலையாக இருக்கும் கணினிக்கு இதுவே போதும். 6 கிலோகிராம் நிறையை ஒரு தோட்பையில் எவரும் சுமக்கலாம்.

பொறியின் வயதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத செயலியாயின், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமைக்கு மாறலாம். அதற்கும் மனமில்லையெனிற் புதுக்கூட்டிற் பணத்தைப் போடுதல் வீண்செலவே. எங்கள் பொறி இன்னும் சில ஆண்டு உழைக்கக்கூடியது என்று கண்ட பின்னரே நாம் இறங்கினோம்.

மகள் புறப்பட்ட அன்று கணினி அவள் மடியிலும், கம்பளியிற் சுற்றிய திரை அவள் தாயாரின் மடியிலும் சென்றன. மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று நான் கேட்குமுன் அவள் சொன்னாள்: "அப்பா, இஞ்ச நல்ல குளிர். அதின்ர சூடு ஐம்பத்தெட்டுத்தான்." பிள்ளையின் சுகத்தைக் கேட்க எடுத்த தொலைபேசியிற் பொறியின் சுகத்தைக் கேட்டு மகிழ்ந்த தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

இங்கே வீட்டு மேசை வெறுமையாயிற்று. மகன் இப்பொழுது மாலைவேளைகளிற் சிறிய தந்தையார் வீட்டுக்குச் சென்று அங்குள்ள கணினியிற் படித்துவருகிறான். குறை சொல்லவில்லை, ஆயினும் ஒரு தீர்வு காணும்வரை என் மனம் அமைதியடையப் போவதில்லை.

திருமூலர் மீண்டபோது அவருடைய பழைய உடல் அங்கில்லை. எங்கள் கணினியின் பழைய கூடோ மேசையின் கீழேயே இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதன் தூசியை மகன் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தேன். பழைய மின்வழங்கியை அதற்குரிய இடத்திலும், வன்தட்டை அதற்குரிய அறையிலும் அவனே திருகாணியிட்டுப் பூட்டியிருந்தான். பின்வாயிலின் தகடு மட்டும் மேசைமேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. "தாய்ப்பலகை வந்தவுடன முதலில அதைத்தான் பூட்டவேணும், அப்பா" என்றான்.